கிழமை நீங்கிய கிழவன்: மாட்டுங்கா மொழிச்சூழலை முன்வைத்து ஒரு சொல் வரலாறு

முன்னுரை

சொற்பொருள் மாற்றத்தை ஆராய்வோர் உயர்பொருட்பேறு, இழிபொருட்பேறு என இரு போக்குகளைச் சுட்டுவர். இழிபொருட்பேற்றுக்கு ‘நாற்றம்’ என்னும் சொல்லை எடுத்துக்காட்டுவது மரபாகிவிட்டது. மணம் என்னும் பொதுப்பொருளில் வழங்கிய அச்சொல் இன்று தீய மணத்தை மட்டுமே குறிக்கிறது. இதே வரிசையில் வைத்து எண்ணத்தக்கதும், இதனினும் சிக்கலான வரலாறு உடையதுமான சொல் ‘கிழவன்’ என்பதாகும். உரியவன், தலைவன் என்னும் பொருளில் இலக்கண நூலாரும் புலவரும் ஆண்ட சொல், இன்று முதியவர் ஒருவரை அவர் முகத்துக்கு நேரே அழைக்க ஒண்ணாத சொல்லாகியுள்ளது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, முதுமைப் பொருளும் உரிமைப் பொருளும் ஒரு வேரினவா அல்லது ஒலியால் மட்டும் ஒத்தனவா என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. பல மொழிகள் ஒரே தெருவில் வழங்கும் மும்பை மாட்டுங்காவின் மொழிச்சூழல் ஒப்பீட்டுக்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

மாட்டுங்கா என்னும் களம்

1896இல் பம்பாயைத் தாக்கிய கொள்ளைநோயை அடுத்து, 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் நிறுவப்பெற்றது. அது வகுத்த திட்டங்களின் வழியே தாதர், மாட்டுங்கா, சயான் ஆகிய பகுதிகள் ஒழுங்குபெற்ற குடியிருப்புகளாக உருப்பெற்றன. இரயில்வேயிலும் வணிக நிறுவனங்களிலும் எழுத்தராகவும் சுருக்கெழுத்தராகவும் பணியாற்ற வந்த தென்னிந்தியர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாட்டுங்காவில் குடியேறினர். 1923இல் ஆஸ்திக சமாஜமும், 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும், 1952இல் சண்முகானந்த சங்கீத சபையும் தோன்றியமை அக்குடியேற்றம் வேரூன்றியதற்குச் சான்றுகளாகும். தஞ்சை, திருநெல்வேலி வழக்குகளோடு பாலக்காட்டுத் தமிழும் இங்கு வழங்குகிறது. அருகில் மலையாளமும் கன்னடமும் ஒலிக்கின்றன. மராத்தி மண்ணின் மொழி. குஜராத்தியும் கச்சியும் வணிகர் மொழிகள். இந்தி தெருவின் பொதுமொழி. ஆங்கிலம் கல்விக்கும் அலுவலகத்துக்கும் உரியது.

இத்தகைய இடத்தில் முதியவர் ஒருவர் நடந்து செல்லும்போது அவர் பல பெயர்களைப் பெறுகிறார். தமிழர் வீட்டில் அவர் தாத்தா அல்லது மாமா, வெளியே பெரியவர், அவர் செவிக்கெட்டாத தொலைவில் ‘பெரிசு’ அல்லது ‘கிழம்’. மராத்தியர்க்கு அவர் ஆஜோபா. எள்ளலாகப் பேசுங்கால் ‘ம்ஹாதாரா’. குஜராத்தியர்க்கு அவர் காகா. மதிப்புக் குறைந்த வழக்கில் ‘டோசோ’. ஆங்கிலம் படித்த இளைஞர்க்கு அவர் ‘கீசர்’. ஒவ்வொரு மொழியிலும் முகத்துக்கு நேரே வழங்கும் சொல் ஒன்றும், முதுகுக்குப் பின்னால் வழங்கும் சொல் ஒன்றும் இருத்தல் நோக்கத்தக்கது. முன்னது பெரும்பாலும் உறவுப்பெயர். பின்னதே வரலாற்றாய்வுக்கு உரியது.

ஒலியொப்புமை தரும் எச்சரிக்கை

‘கீசர்’ என்றவுடன் மாட்டுங்காவாசிக்கு முதலில் நினைவுக்கு வருவது குளியலறையில் வெந்நீர் தரும் கருவியே. அப்பெயர் ஐசுலாந்தில் உள்ள ‘கெய்சிர்’ என்னும் வெந்நீரூற்றின் பெயரிலிருந்து வந்தது. பீறிட்டு எழுதல் என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்தது. முதியவரைக் குறிக்கும் ‘கீசர்’ வேறு. 1880களில் ஆங்கிலப் பேச்சுவழக்கில் பதிவாகியுள்ள இச்சொல், வேடம் புனைந்தவன் எனப் பொருள்படும் ‘கைசர்’ என்னும் வட்டார வழக்கின் திரிபு என்பது அறிஞர் முடிபு. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் விழாக்காலங்களில் முகமூடி அணிந்து வீடுவீடாகச் சென்று ஆடியவர்களே ‘கைசர்’ எனப்பட்டனர். தோற்றம், கோலம் எனப் பொருள்படும் ‘கைஸ்’ என்பது இதன் அடிச்சொல். கோலம் புனைந்தவன் விந்தையானவன் ஆனான். விந்தையானவன் விந்தையான முதியவன் ஆனான். இன்றும் இங்கிலாந்தில் இச்சொல் வயது வேறுபாடின்றி ஆடவனைக் குறிப்பதுண்டு. அமெரிக்காவில் முதியவர் என்னும் பொருளே நிலைபெற்றுள்ளது.

வெந்நீர்க் கருவிக்கும் முதியவருக்கும் இடையே உள்ளது ஒலியுறவே அன்றி வேருறவு அன்று. இதற்கு இணையானதொரு நிகழ்வு மாட்டுங்காவின் உணவகங்களிலேயே உண்டு. தமிழர் ‘தோசை’ மும்பை வழக்கில் ‘டோசா’ ஆகிறது. குஜராத்தியில் முதியவனைக் குறிக்கும் ‘டோசோ’ என்பதன் பன்மையும் ‘டோசா’வே. இதனைக் கொண்டு தோசைக்கும் முதுமைக்கும் உறவு கற்பிப்பார் இலர். ஆகவே ‘கிழவன்’ என்னும் சொல்லில் உரிமைப் பொருளும் முதுமைப் பொருளும் ஒருங்கே காணப்படுவது கொண்டு மட்டும் அவை ஒரு வேரின என்று துணிதல் கூடாது. பொருள்வழிச் சான்றும் பிறமொழி ஒப்புமையும் வேண்டும்.

கிழமையும் கிழவனும்

‘கிழமை’ என்பது உரிமை. ஆறாம் வேற்றுமையின் பொருளைக் கிழமைப்பொருள் என்றும், அதனைத் தற்கிழமை, பிறிதின்கிழமை என்றும் இலக்கண நூலார் வகுத்தனர். ஞாயிற்றுக்கிழமை என்பது ஞாயிற்றுக்கு உரிய நாள். கிழமையுடையவன் கிழவன், கிழமையுடையவள் கிழத்தி. தொல்காப்பியப் பொருளதிகாரம் அகத்திணை மாந்தரைக் கிழவன், கிழத்தி என்றே பெரிதும் சுட்டுகிறது. அங்குக் கிழவன் என்பான் காதல் வாழ்வைத் தொடங்கும் இளைஞன் என்பதை இன்றைய மாணவர்க்கு ஒவ்வொரு முறையும் எடுத்துச் சொல்ல வேண்டியுள்ளது. ஊர்க்கு உரியவர் கிழார் ஆயினர். கோவூர்கிழார், அரிசில்கிழார், ஆலத்தூர்கிழார், ஆவூர் மூலங்கிழார் முதலிய சங்கப் புலவர் பெயர்கள் இதற்குச் சான்று.

முருகனைப் பற்றிய வழக்கு இங்குத் தனித்துக் குறிப்பிடத்தக்கது. இளமையும் அழகும் உடையவன் என்பதே முருகன் என்னும் பெயரின் பொருள். என்றும் இளையோனாகிய அக்கடவுளைத் திருமுருகாற்றுப்படை தன் முடிவில் மலைகிழவோன் என்று போற்றுகிறது. முதுமைப் பொருள் இச்சொல்லில் மேலோங்கியிருந்திருப்பின் இவ்வாட்சி பொருந்தாது. திருக்குறளின் உழவு அதிகாரத்திலும் நிலத்துக்கு உரியவன் கிழவன் எனப்படுகிறான். அவன் நாளும் சென்று நிலத்தைப் பேணாவிடின் நிலம் இல்லாள் போல ஊடும் என்பது அங்குக் கூறப்படும் கருத்து. நிலத்தின் கணவனாக உருவகிக்கப்படும் அக்கிழவனின் வயது அங்குப் பொருட்டன்று.

அக்காலத்து முதுமையைக் குறிக்க மூத்தோர், முதியர், முதுவர், மூதாளர் முதலிய சொற்கள் இருந்தன. ஆண்டு பல கடந்தும் நரையில்லாமைக்குக் காரணம் கூறிய பிசிராந்தையாரும், கோல் ஊன்றிய நிலையில் தம் இளமை விளையாட்டை நினைந்து இரங்கிய தொடித்தலை விழுத்தண்டினாரும் சங்ககால முதுமையின் இரு முகங்கள். பின்னவர் பெயரே அவர் பாடலில் வரும் ஊன்றுகோல் பற்றிய தொடரால் அமைந்தது.

முதுமைப் பொருளின் வருகை

உரிமையும் முதுமையும் கருத்தளவில் நெருங்கியவை என்பதற்குத் தமிழிலேயே சான்றுகள் உள்ளன. திருக்குறளின் பழைமை என்னும் அதிகாரம் நெடுநாள் நட்பை விளக்குமிடத்து, பழகியவர் உரிமையால் செய்வனவற்றைச் சிறிதும் சிதைக்காமையே பழைமை என்கிறது. அங்கு உரிமையைக் குறிக்கும் சொல் ‘கிழமை’. பழையது உரிமை பெறுகிறது என்னும் எண்ணம் அவ்வதிகாரத்தின் அடிப்படை. ‘மூதாட்டி’ என்னும் சொல்லும் இத்தகையதே. மூது என்பதோடு, ஆள் என்பதன் அடிப்பிறந்த ‘ஆட்டி’ சேர்ந்தது அது. சீமாட்டி, பெண்டாட்டி ஆகியவற்றில் உள்ள அதே ‘ஆட்டி’. முதியவளை ஆளுதற்குரியவளாகக் காணும் பார்வை அச்சொல்லில் பொதிந்துள்ளது.

பெரியபுராணத்தில் சுந்தரர் தடுத்தாட்கொள்ளப்பட்ட நிகழ்ச்சி இவ்விரு பொருளையும் ஒரே உருவில் நிறுத்துகிறது. மணப்பந்தலுக்கு முதிய வேதியராக வரும் இறைவர், சுந்தரர் தமக்கு அடிமை என்று ஓலை காட்டி உரிமை கோருகிறார். சுந்தரர் அவரைப் பித்தன் என்று இகழ்கிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் முன் சென்று, முதியவரின் உரிமை மெய்யென நிறுவப்படுகிறது. இகழ்ந்த சொல்லே சுந்தரரின் முதற்பதிகத்துக்கு முதலாகிறது. இதனைப் பாடியவர் பெயரிலும் ‘கிழார்’ உண்டு என்பதை நினைவுகூரலாம். கந்தபுராணத்தில் முருகன் வள்ளியின்பால் முதியவனாக வேடம் புனைந்து வருவதும் இவ்வகையினதே. ஆங்கிலத்தில் வேடம் புனைந்தவன் பெயர் முதியவன் பெயராயிற்று. தமிழ்ப் புராண மரபிலோ முதுமை ஒரு வேடமாகி, அதனுள்ளே தலைவன் மறைந்து நிற்கிறான்.

பிற்காலத்தில் இராமநாதபுரத்தை நெடுங்காலம் ஆண்டு 1710இல் மறைந்த இரகுநாத சேதுபதி, கிழவன் சேதுபதி என்றே வரலாற்றில் அறியப்படுகிறார். மறவர் நாட்டின் வலிமை மிக்க மன்னர் அவர். அப்பெயரை இன்று கேட்போர் முதுமையையே எண்ணுகின்றனர். ஆளும் உரிமையும் நெடிய அகவையும் ஒருவரிடத்தே கூடிய நிலையில் அச்சொல் இழிவுப் பொருளின்றி வழங்கியது என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

பிறமொழி ஒப்புமை

மராத்தி ‘ம்ஹாதாரா’ என்னும் சொல்லின் வரலாறு இங்குப் பெரிதும் துணைசெய்கிறது. இது ‘மகத்தர’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. மிகப் பெரியவர் என்பது அதன் நேர்ப்பொருள். பழஞ்செப்பேடுகளில் ஊர்ப்பெரியோரும் ஊர்த்தலைவரும் மகத்தரர் எனப்பட்டனர். மும்பையிலும் கொங்கணக் கரையிலும் பரவலாக உள்ள ‘ம்ஹாத்ரே’ என்னும் குடும்பப்பெயரும் இம்மூலத்தினதாகக் கொள்ளப்படுகிறது. ஆக, ஒரே சொல் ஒருபுறம் மதிப்புக்குரிய குடிப்பெயராகவும், மறுபுறம் தளர்ந்த முதியவனைக் குறிக்கும் பொதுப்பெயராகவும் பிரிந்து நிற்கிறது. கிழார் உயர்ந்து நிற்பதும் கிழவன் தாழ்ந்து போனதும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கன.

மாறான திசையிலும் பயணம் உண்டு. இலத்தீனில் மூத்தவர் எனப் பொருள்படும் ‘சீனியர்’ என்பதன் வழியே ஆங்கிலச் ‘சார்’, இத்தாலியச் ‘சின்யோர்’, ஸ்பானியச் ‘சென்யோர்’ ஆகிய மதிப்புச் சொற்கள் பிறந்தன. மும்பைத் தெருவழக்கிலும் இத்தகைய ஏற்றம் உண்டு. இந்தியில் தந்தைவழிப் பாட்டனையும் மராத்தியில் தமையனையும் குறிக்கும் ‘தாதா’, இந்நகரில் வட்டாரத்தை அடக்கியாளும் வல்லாளன் பெயராயிற்று. தமிழ் நாளிதழ்களும் அப்பொருளிலேயே அதனைக் கடன்கொண்டன. முதுமையும் ஆட்சியும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் கடக்கும் கருத்துகள் என்பதை இவை காட்டுகின்றன. ஆகவே கிழமைப் பொருளும் முதுமைப் பொருளும் தொடர்பற்ற இருசொற்கள் என்பதினும், ஒரு சொல்லின் இரு கிளைகள் என்பதே பொருத்தமுடைய கருத்தாகத் தோன்றுகிறது.

வீழ்ச்சிக்குக் காரணம்

ஒரு குடும்பத்துச் சொற்களில் சில மதிப்பிழக்க, வேறு சில மதிப்போடு நிலைத்தமை ஏன்? நிலக்கிழார், மனைக்கிழத்தி, ஞாயிற்றுக்கிழமை ஆகிய மூன்றும் இன்றும் இழிவின்றி வழங்குகின்றன. இம்மூன்றிலும் உரிமைக்குரிய பொருள் முன்மொழியாக நிற்கிறது. நிலம், மனை, ஞாயிறு என்பன கண்முன் இருக்கும்வரை பின்மொழியின் உரிமைப்பொருள் மறைவதில்லை. எதற்கு உரியவன் என்பது கூறப்படாத தனிநிலைக் ‘கிழவன்’ மட்டும் சரிந்தது. ‘கிழவி’யும் அதனுடன் சரிந்தது.

தொல்காப்பியத்திலும் குறளிலும் கிழவன் தனிநிலையில் வந்தும் உரிமைப்பொருள் தருகிறதே என்று வினவலாம். அங்குக் கிழத்தியும் நிலமும் சூழலில் உடன் நிற்பதால் உரிமைக்குரியது தெளிவாகிறது. சூழல் மறைந்தபின் சொல்லில் எஞ்சியது நெடுநாள் இருந்தவன் என்னும் குறிப்பே. உடைமை பிரிந்தபின் உடையவனிடத்தில் எஞ்சியது அகவை.

அஃறிணையாதல்

இச்சரிவின் அடுத்த படி கிழம், கிழடு என்னும் வடிவங்கள். இவற்றில் ஆண்பால் விகுதி நீங்கி, உயர்திணை அஃறிணையாகிறது. ‘பெரிசு’ என்பதும் அஃறிணை ஒன்றன்பால் வடிவே. ‘பெரியவர்’ என்பதன் அதே அடியில் பிறந்து, திணை மட்டும் மாறியது. வளர்ந்தது எனப் பொருள்படும் ‘விருத்த’ என்னும் வடசொல் இந்தியில் ‘பூடா’ என முதியவனைக் குறிப்பதும் இதனோடு ஒக்கும்.

உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய காரணங்களால் திணையும் பாலும் மயங்குதலை நன்னூல் வழுவமைதியாக ஏற்கிறது. குழந்தையை அஃறிணையால் சுட்டுவது உவப்பு. முதியவரைச் சுட்டுவது உவப்போ இழிப்போ என்பதைச் சொல்லால் அறிய இயலாது. சொல்பவன் குரலும் முதியவர் குடும்பத்தில் பெறும் இடமுமே அதனைத் தீர்மானிக்கின்றன. மாட்டுங்கா உணவகத்தில் நாள்தோறும் ஒரே மேசையில் காப்பி அருந்தும் முதியவரைப் பணியாளர் ‘பெரிசு வந்தாச்சு’ என்பதற்கும், இட நெருக்கடி மிக்க வீட்டில் ‘பெரிசை எங்கே படுக்க வைப்பது’ என்பதற்கும் வடிவில் வேறுபாடில்லை.

சட்டமும் கிழமையும்

மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் பகடி முறைக் குடியிருப்புகள் இன்றும் உண்டு. முன்பணம் கொடுத்து நெடுங்காலக் குடியுரிமை பெறும் முறை அது. வாடகைச்சீட்டு பெரும்பாலும் குடும்பத்து மூத்தவர் பெயரில் இருப்பதால், அவர் அவ்வீட்டில் பழம்பொருளிலும் புதுப்பொருளிலும் கிழவரே. சீட்டில் பெயர் மாறும் நாளில் முதற்பொருள் நீங்கி இரண்டாம் பொருள் மட்டும் எஞ்சுகிறது. சொல்லில் பல நூற்றாண்டுகளாக நிகழ்ந்த மாற்றம் ஒரு மனிதர் வாழ்வில் ஒரே கையெழுத்தில் நிகழ்ந்துவிடுகிறது.

2007இல் நாடாளுமன்றம் இயற்றிய பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் அறுபது அகவை நிறைந்தோரை மூத்த குடிமக்கள் என வரையறுக்கிறது. பேணுதல் வேண்டும் என்னும் கட்டுப்பாட்டோடு முதியவர் தம் சொத்தைப் பிறருக்கு மாற்றியளித்து, பெற்றவர் அதனை நிறைவேற்றாவிடின், அம்மாற்றத்தைச் செல்லாததாக்க இச்சட்டத்தின் 23ஆம் பிரிவு வழிசெய்கிறது. உடைமை கைவிட்டுப் போனபின் மதிப்பும் போகிறது என்னும் உலகியலைச் சட்டம் அறிந்துள்ளது. கிழவரிடமிருந்து பிரிந்த கிழமையை மீட்டளிக்கும் முயற்சி என்றே அப்பிரிவைச் சொல்லாய்வாளர் காண இயலும்.

முடிவுரை

‘கிழவன்’ என்னும் சொல் முதலில் உரிமையையும் தலைமையையும் குறித்தது. பழைமையால் உரிமை விளையும் என்னும் எண்ணத்தின் வழியே அது முதுமைப் பொருளை ஏற்றது. மராத்தி ‘ம்ஹாதாரா’வின் வரலாறு இம்முடிவை வலியுறுத்துகிறது. உரிமைக்குரியது வெளிப்பட நிற்கும் தொகைச்சொற்கள் மதிப்பு குன்றாமல் நிலைக்க, தனிநிலைக் கிழவன் மட்டும் தாழ்ந்தது. எனவே இச்சொல்லை வீழ்த்தியது முதுமை அன்று. உரிமையின் பிரிவே ஆகும்.

அரசு ஆவணங்கள் முதியோர், மூத்த குடிமக்கள் என்னும் சொற்களை மேற்கொண்டுள்ளன. அது பொருத்தமே. ஆயினும் சொல்லை மாற்றுவதால் மட்டும் நிலை மாறுவதில்லை. ‘பெரியவர்’ என்பதும் ஒரு திணை மாற்றத்தால் ‘பெரிசு’ ஆயிற்று. உரிமையற்றவர்க்கு எப்பெயரை இடினும் அப்பெயர் காலப்போக்கில் தாழும். வகுப்பறையில் தொல்காப்பியம் பயிலும் மாணவர் ‘கிழவன்’ என்னும் சொல்லைக் கண்டு நகைக்கும்போது, அந்நகைப்புக்குப் பின்னே உள்ள இந்நெடிய வரலாற்றை ஆசிரியர் எடுத்துரைத்தல் வேண்டும். அம்மாணவர் வீடு திரும்பும்போது திண்ணையிலோ, மும்பைக் கட்டடத்தின் மாடிப்படியருகிலோ அமர்ந்திருக்கும் முதியவர், அச்சொல்லின் முதற்பொருளுக்கும் உரியவரே.